லினக்ஸ் நெட்புக்கில் இயல்பு உலாவியை மாற்றிய பிறகும் மின்னஞ்சல் இணைப்புகள் பழைய உலாவியிலேயே திறக்கின்றன

ஆத்தங்குடிக் கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் என் கணவர் நடத்தும், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையின் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கெல்லாம் என்னிடம் இருப்பது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் 2009இல் வாங்கி வந்து கொடுத்த நெட்புக் என்ற பத்து அங்குலச் சிறு மடிக்கணினி ஒன்றுதான். இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1024க்கு 600 புள்ளித் திரை, முதலில் 1 ஜிபியாக இருந்து இப்போது 2 ஜிபியாக உயர்த்தப்பட்ட நினைவகம். அண்ணன் விடுப்பில் வந்திருந்தபோது அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12ஐயும் எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான திரை முகப்பையும் நிறுவி, அப்போதிருந்த குறைந்த நினைவகத்துக்குப் பொருந்துமென்று மிக இலகுவான ஓர் உலாவியை இயல்பு உலாவியாக வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த இலகு உலாவி வேலைக்குப் போதவில்லை. காரைக்குடியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர், பட்டாலை என்ற கூடத்தின் தரைக்கான கோலத்தையும் கரை வரிசையையும் வரைந்து, கோப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புகிறார். அதைச் சொடுக்கினால் இலகு உலாவி திறக்கிறது, பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது, மூலையில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கிறது. அதே முகவரியை நகலெடுத்து ஃபயர்பாக்ஸில் ஒட்டினால் வரைபடம் சரியாகத் தெரிகிறது. ஆனால் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இப்படி நகலெடுத்து ஒட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. சென்ற வாரம் பழைய இணைப்பைத் தவறுதலாக ஒட்டி, அவர் திருத்துவதற்கு முந்தைய படத்தைப் பட்டறைக்குச் சொல்லிவிட்டேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திவிட்டால் அந்தக் கல் அந்த நிறம்தான், பிறகு திருத்த வழியில்லை. அன்று நாற்பது கற்கள் வீணாயின.

ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரை நிறுவி, அதன் அமைப்புகளில் ‘இயல்பு உலாவியாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். அது ஏற்றுக்கொண்டதைப் போலத்தான் தெரிந்தது. ஆனால் அடுத்த முறை திறக்கும்போது, தான் இன்னும் இயல்பு உலாவி இல்லையென்று மறுபடி கேட்கிறது. மின்னஞ்சல் படிக்கும் நிரலான தண்டர்பேர்டில் சொடுக்கும் இணைப்புகள் பழைய உலாவிக்கே போகின்றன. கீழ்ப் பட்டையில் இருக்கும் உலக உருண்டைச் சின்னத்தை அழுத்தினாலும் பழையதுதான் வருகிறது. பழைய உலாவியை அடியோடு நீக்கிவிட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் செய்திகளைப் படிக்க அது வேகமாக இருக்கிறது. எங்கே எதை மாற்ற வேண்டும் என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, வணக்கம். உருண்டைச் சின்னத்துக்கு மட்டும் என்னால் உறுதியாக வழி சொல்ல முடியும். டெபியனின் எல்எக்ஸ்டிஇ பட்டையில் இருக்கும் அந்தச் சின்னம் எந்த உலாவியின் பெயரையும் நேராகச் சொல்வதில்லை. ‘எக்ஸ்-டபிள்யூடபிள்யூடபிள்யூ-பிரவுசர்’ என்ற பொதுப் பெயரைத்தான் அது அழைக்கிறது. அந்தப் பொதுப் பெயர் எந்த உலாவியைக் குறிக்கிறது என்பதை டெபியனின் ‘ஆல்டர்நேட்டிவ்ஸ்’ அமைப்பு தீர்மானிக்கிறது.

கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து, ‘சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் எக்ஸ்-டபிள்யூடபிள்யூடபிள்யூ-பிரவுசர்’ என்ற கட்டளையைத் தாருங்கள். ஒலியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சிறுகோடுகளைக் கைவிடாமல் தட்ட வேண்டும். கணினியில் உள்ள உலாவிகளின் எண்ணிட்ட பட்டியல் வரும். இப்போது நடப்பில் இருப்பதன் பக்கத்தில் உடுக்குறி (*) இருக்கும். ஃபயர்பாக்ஸின் எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் போதும், கணினியை மறுபடி தொடங்க வேண்டிய தேவையில்லை.


ஆத்தங்குடிக் கணக்கு எழுதியது:

மிக்க நன்றி, அண்ணே. பட்டியல் நீங்கள் சொன்னபடியே வந்தது. பழைய உலாவியின் முன்னால் உடுக்குறி இருந்தது. ஃபயர்பாக்ஸின் எண்ணைக் கொடுத்ததும் உருண்டைச் சின்னம் ஃபயர்பாக்ஸைத் திறக்கிறது. ஆனால் தண்டர்பேர்டில் ஒரு மாற்றமும் இல்லை, இணைப்பைச் சொடுக்கினால் அதே வெள்ளைப் பக்கமும் சுழலும் வட்டமும்தான் வருகின்றன. ஒரே கணினியில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் எப்படி இருக்க முடியும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.


பள்ளத்தூர் ஆசிரியர் எழுதியது:

உங்கள் கடைசி வரியில் கேட்டிருப்பதுதான் இதற்கு மூலகாரணம், அம்மா. லினக்ஸில் ‘இயல்பு உலாவி’ என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒன்று கிடையாது. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னால், இந்த இணைப்பைத் திறக்கச் சொல்வது யார் என்று பார்ப்பதுதான் முறை. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதில் நாள்கள் கழிந்துவிடும், நானே அப்படிக் கழித்திருக்கிறேன்.

உங்கள் கணினியில் கேட்பவர்கள் மூவர். பட்டையில் உள்ள உருண்டைச் சின்னம் ஆல்டர்நேட்டிவ்ஸ் அமைப்பைக் கேட்கிறது, அது தீர்ந்துவிட்டது. அந்த அமைப்பு டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, மின்ட் போன்றவற்றிலும் இருக்கிறது. கணினி முழுவதற்கும் ஒரே விடையைத்தான் அது தரும், அதனால்தான் நிர்வாகி உரிமை தரும் சூடோவும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. இரண்டாமவர் தண்டர்பேர்ட். அது ஆல்டர்நேட்டிவ்ஸ் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உங்கள் வீட்டு அடைவுக்குள் ‘.கான்ஃபிக்’ என்ற மறைவான அடைவில் இருக்கும் ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பைப் பார்த்து, ‘எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/எச்டிடிபிஎஸ்’ என்பதற்கு எதிரே எந்த நிரலின் பெயர் எழுதியிருக்கிறதோ அதைத் திறக்கிறது. இணைய முகவரிகளின் தொடக்கமான எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. கணினியில் சேமித்து வைத்த இணையப் பக்கங்களுக்கு ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று மூன்றாவது வரி ஒன்றும் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் சில இணைப்புகள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் போகும். மூன்றாமவர் முனைய நிரல்கள், அவை பார்ப்பது ‘பிரவுசர்’ என்று பெரிய எழுத்துகளில் பெயரிடப்படும் சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படிப்பதற்காகக் கணினி நினைவில் வைத்திருக்கும் ஒரு மதிப்பை. முனையத்திலிருந்து இயங்கும் நிரல்கள் பலவும் முதலில் அதைத்தான் கேட்கும்.

ஃபயர்பாக்ஸில் நீங்கள் அழுத்திய பொத்தான் இரண்டாவது இடத்தில், அதாவது மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பில்தான் எழுதும். அது எழுதியும் பயன் தரவில்லை என்றால் இரண்டு காரணங்களை நான் சந்தேகிக்கிறேன். அதே அடைவில் ‘எல்எக்ஸ்டிஇ-மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்று முகப்பின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட இன்னொரு கோப்பு இருந்தால், அதற்குத்தான் முன்னுரிமை. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த விதியே அப்படி, பொதுக் கோப்பில் என்ன எழுதினாலும் முகப்புக்குரிய கோப்பே வெல்லும். ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு முறையும் ‘நான் இயல்பு உலாவி இல்லை’ என்று முறையிடுவதற்கும் இது பொருந்தி வருகிறது. தான் எழுதியதை அது திரும்பப் படிக்கும்போது, மேலே இருக்கும் கோப்பின் விடைதான் அதற்குக் கிடைக்கிறது. இன்னொரு சந்தேகம், தண்டர்பேர்ட் தனக்கென்று ஒரு குறிப்பு வைத்திருக்கலாம் என்பது. அதன் பொது அமைப்புகளில் ‘கோப்புகளும் இணைப்புகளும்’ என்ற பகுதியில் எச்டிடிபிஎஸ் என்று ஒரு வரி இருந்து, அதற்கு எதிரே பழைய உலாவி குறிக்கப்பட்டிருந்தால், அங்கேயும் மாற்ற வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் திரையின் உயரம் 600 புள்ளிகள்தான் என்பதால், தண்டர்பேர்டின் சில சாளரங்களில் கீழே இருக்கும் ‘சரி’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சாளரத்தின் எந்த இடத்திலாவது சுட்டியின் இடப் பொத்தானை அழுத்தி மேலே இழுத்தால் மறைந்திருக்கும் பகுதி தெரியும்.

இப்போது இரண்டு காரியங்கள் செய்து, வரும் விடையை அப்படியே இங்கே எழுதுங்கள். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தினால் மறைவான அடைவுகள் தெரியும், ‘.கான்ஃபிக்’ அடைவுக்குள் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்று முடியும் கோப்புகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு முனையத்தில் ‘எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் செட் டிஃபால்ட்-வெப்-பிரவுசர் ஃபயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்.டெஸ்க்டாப்’ என்று கொடுங்கள். ஃபயர்பாக்ஸை எப்படித் திறப்பது என்று கணினிக்குச் சொல்லும் அந்த ‘.டெஸ்க்டாப்’ கோப்பின் பெயரில் டெபியனில் இஎஸ்ஆர் என்பது சேர்ந்தே இருக்கும், அதை விட்டுவிடக் கூடாது.


ஆத்தங்குடிக் கணக்கு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்தேன். மைம்ஆப்ஸ் கோப்புகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வெறும் மைம்ஆப்ஸ்.லிஸ்ட், மற்றொன்று நீங்கள் ஊகித்த அதே எல்எக்ஸ்டிஇ முன்னொட்டுடன். முதல் கோப்பில் எச்டிடிபி வரிகளுக்கு எதிரே ‘யூசர்ஆப்-ஃபயர்பாக்ஸ்’ என்று தொடங்கி, பொருள் புரியாத சில எழுத்துகளோடு முடியும் ஒரு பெயர் இருக்கிறது. இரண்டாவது கோப்பில் மூன்றே வரிகள். மூன்றிலும் பழைய உலாவியின் பெயர்தான் இருக்கிறது.

எக்ஸ்டிஜி கட்டளை மறுத்துவிட்டது. பிரவுசர் என்ற மாறி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருப்பதாகவும், அதை இந்தக் கட்டளையால் மாற்ற இயலாது என்றும் ஒரு வரி வந்தது. தண்டர்பேர்டின் அமைப்புகளில் எச்டிடிபிஎஸ் என்று எந்த வரியும் இல்லை. இரண்டாவது கோப்பை நான் நேராக நீக்கிவிடலாமா? அண்ணன் ஏதோ காரணத்துக்காக வைத்திருப்பார் என்ற தயக்கத்தில் தொடாமல் விட்டிருக்கிறேன்.


பள்ளத்தூர் ஆசிரியர் எழுதியது:

தயங்கியது நல்லதே, அம்மா. நீக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.பழையது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் கணினி அதைப் படிக்காது, உங்கள் அண்ணன் வந்து பார்க்கும்போது அவர் எழுதியது அப்படியே இருக்கும். யூசர்ஆப் என்று தொடங்கும் அந்தப் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இயல்பு உலாவியாக்கும் பொத்தானை அழுத்தும்போது ஃபயர்பாக்ஸின் சார்பில் உருவாகும் கோப்பின் பெயர் அது. ஆனாலும் உரைத் தொகுப்பானில் திறந்து, ‘டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் அந்த வரிகளில் ஃபயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்.டெஸ்க்டாப் என்றே எழுதிவிடுவது எனக்குப் பிடிக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் படித்த உடனே புரியும்.

பிரவுசர் மாறியைப் பொறுத்தவரை, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். வீட்டு அடைவில் ‘.புரொஃபைல்’, ‘.பாஷ்ஆர்சி’, ‘.எக்ஸ்செஷன்ஆர்சி’ என்ற மூன்று மறைவான கோப்புகளில் ஒன்றில் ‘எக்ஸ்போர்ட் பிரவுசர்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அழிக்காமல், வரியின் தொடக்கத்தில் ஓர் எண்குறியை, அதாவது தொலைபேசிப் பலகையில் பூஜ்யத்துக்கு வலப்புறம் இருக்கும் குறியை, இட்டுவிடுங்கள். அது வெறும் குறிப்பு வரியாகிவிடும். பிறகு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும், ஏனென்றால் அவற்றில் ‘.பாஷ்ஆர்சி’ தவிர்த்த இரண்டும் நுழையும் போதுதான் படிக்கப்படுகின்றன. முனையத்தை மட்டும் மூடித் திறந்தால் பழைய மதிப்பே நிற்கும். இந்த ஓர் இடத்தில்தான் பலரும் ‘மாற்றியும் மாறவில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

மீண்டும் நுழைந்ததும் எக்ஸ்டிஜி கட்டளையை மறுபடி கொடுங்கள். இம்முறை அது ஒன்றும் சொல்லாமல் முடிந்தால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். ‘செட்’ என்பதற்குப் பதிலாக ‘கெட்’ என்று கொடுத்து, உலாவியின் பெயரை விட்டுவிட்டால், இப்போதைய விடையைச் சொல்லும்.


கோவிலூர் வாசகன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு, என் வீட்டில் நேர்ந்த ஒன்றையும் சேர்க்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் பிறகு படிக்கும்போது உதவலாம். நான் ஓர் உலாவியை அதன் தளத்திலிருந்து சுருக்கக் கோப்பாக இறக்கி, வீட்டு அடைவில் விரித்து, அதற்கான டெஸ்க்டாப் கோப்பை நானே எழுதினேன். இயல்பு உலாவியாகவும் ஆக்கினேன். அதன் பிறகு எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் உலாவி திறக்கும், ஆனால் இணைப்பு திறக்காது, முகப்புப் பக்கம் மட்டும் வந்து நிற்கும். மூன்று நாள் தேடியபின் தெரிந்தது, திறக்கும் கட்டளையைச் சொல்லும் ‘எக்ஸெக்’ என்ற வரியின் இறுதியில் விழுக்காட்டுக் குறியும் ‘யு’ என்ற எழுத்தும் சேர்ந்த இரண்டு எழுத்துகளை நான் எழுதவில்லை. முகவரி வந்து உட்காரும் இடம் அதுதான். அது இல்லாவிட்டால் உலாவிக்கு அழைப்பு போகும், முகவரி போகாது. டெபியன் களஞ்சியத்திலிருந்து நிறுவிய ஃபயர்பாக்ஸில் இந்தக் குறை வராது.

இன்னொன்றையும் ஆச்சி யோசிக்க வேண்டும். உங்கள் ஆட்டம் என்270 செயலி 32 பிட் என்ற பழைய வகை மட்டுமே. கூகுள் குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை, நீண்டகால ஆதரவுள்ள இஎஸ்ஆர் 140க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது ஆதரவு உண்டு என்று மோசில்லா அறிவித்திருக்கிறது. டெபியனும் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை. ஆகையால் இன்று செய்யும் மாற்றம் சரியே, ஆனால் வங்கி வேலைகளுக்கு இந்த நெட்புக்கையே நெடுநாள் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இலகு உலாவியைச் செய்தி படிக்க வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதில் தமிழ் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவை கணினியின் நினைவகத்தில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தை அடுக்கும் நூலகத்தின் வேலை. ஃபயர்பாக்ஸ் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு இதைச் செய்கிறது. இவ்வகை நூலகம் எதுவும் இல்லாமல் எழுதப்பட்ட மிக இலகுவான உலாவிகளில் ‘கோவிலூர்’ என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றினாலும் அது சரியாகாது.


ஆத்தங்குடிக் கணக்கு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எல்எக்ஸ்டிஇ முன்னொட்டுக் கோப்பின் பெயரை மாற்றினேன். பிரவுசர் வரி ‘.புரொஃபைல்’ கோப்பின் கடைசியில் இருந்தது. அதற்கு மேலே அண்ணன், ‘1 ஜிபி போதாது, தங்கைக்காக’ என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்த வரியைப் படித்த பிறகு, அழிக்காமல் எண்குறி இடச் சொன்னது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். வெளியேறி நுழைந்து எக்ஸ்டிஜி கட்டளையைக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் முடிந்தது. ‘கெட்’ கொடுத்தால் ஃபயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்.டெஸ்க்டாப் என்கிறது. ஃபயர்பாக்ஸும் இப்போது கேட்பதில்லை.

பழைய உலாவியில் கொம்பு சரியாகவே முன்னால் நிற்கிறது, எனவே அதைச் செய்திக்கு வைத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், அடுத்த விடுப்பில் 64 பிட் கணினி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை வந்த இணைப்பைத் தண்டர்பேர்டிலேயே சொடுக்கினேன். வரைபடம் நேராக ஃபயர்பாக்ஸில் திறந்தது. பட்டாலையின் வடக்குக் கரையில் பச்சை வரிசை ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டு, சாயம் கலக்கும் முன்பே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.